இடமில்லை என்று சொன்ன புதுப் பெட்டி

கம்ப்யூட்டர் சர்வீஸ் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் பாதிப் பேர் ஸ்க்ரூடிரைவரைக் கையால் தொடாமலே ஓய்வு பெறப்போகிறீர்கள். வாடிக்கையாளர் ஏற்காட்டில் இருப்பார். நீங்கள் சேலத்தில் இங்கே உட்கார்ந்தபடியே அவருடைய திரைக்குள் புகுந்து கோளாறைச் சரிசெய்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவீர்கள். எனக்குப் பொறாமையாகத்தான் இருக்கிறது, மறைப்பானேன்! நான் வேலை பார்த்த காலத்தில் வாடிக்கையாளரின் திரையைப் பார்க்க வேண்டுமென்றால் அவர் இருக்கும் இடத்துக்குப் போய்த்தான் ஆக வேண்டும். ஏற்காடு என்றால் இருபது கொண்டை ஊசி வளைவுகள். அதற்கு முதலில் வயிறு சம்மதிக்க வேண்டும்.

இணையத்திலிருந்து இறக்கிய புரோகிராம் புதுக் கம்ப்யூட்டரில் திறக்கவில்லை என்றால் எதை எதைப் பார்க்க வேண்டும் என்று இப்போது தேடினாலே பக்கம் பக்கமாக வருகிறது. அதையெல்லாம் நான் திரும்ப எழுதப்போவதில்லை. அதில் வராத ஒன்றைச் சொல்கிறேன். எல்லாம் சரியாகப் பார்த்த பிறகும் அது திறக்காது. பக்கத்தில் வாடிக்கையாளர் இடுப்பில் கை வைத்து நிற்பார். அப்போது உங்களுக்கு எது கை கொடுக்கும் என்பது நீங்கள் நினைக்கிற இடத்தில் இருக்காது.

நான் இன்ஜினியர் என்று சொல்லிக்கொண்டுதான் சேர்ந்தேன். பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் படித்த டிப்ளமா கையில் இருந்தது. மேனேஜர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "பொண்ணுங்க குரல் போன்ல நல்லா இருக்கும்" என்று வாசலை ஒட்டிய நாற்காலியைக் காட்டினார். அந்த நாற்காலியில் உட்கார்ந்து புகார்களைக் கேட்டுக் குறித்துக் கொடுப்பது என் வேலை. என்னோடு படித்த பையன்கள் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே போவார்கள், நான் ரிசீவரைத் தூக்குவேன். அந்த நாற்காலியை நான் வெறுத்த வெறுப்பு கொஞ்சநஞ்சமல்ல. ஒரு கால் ஆடும் நாற்காலி வேறு.

தொண்ணூறுகளின் கடைசி வருஷங்கள் அவை. சேலத்தில் பிரவுசிங் சென்டர்கள் முளைத்திருந்தன. வீட்டில் இணைய இணைப்பு இல்லாதவர்கள் அங்கே போய் எதையாவது இறக்கி, ஃபிளாப்பியில் போட்டு, சட்டைப் பையில் வைத்து எடுத்துப் போவார்கள். மறுநாள் காலையில் எனக்குப் போன் வரும். ஒருமுறை ஒரு ஜவுளிக் கடைக்காரர், "படம் வந்துருச்சுங்க, தொட்டா ஒண்ணும் நடக்க மாட்டேங்குது" என்றார். எங்கள் பையன்கள் மூன்று பேர் போய்ப் பார்த்துவிட்டுக் கம்ப்யூட்டரில் குறை இல்லை என்று திரும்பியிருந்தார்கள். நான் போனில் ஒன்றே ஒன்று கேட்டேன்: "காப்பி ஆகறதுக்கு எவ்வளவு நேரம் ஆச்சுங்க?" "கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள முடிஞ்சு போச்சுங்க!" என்றார் பெருமையாக. அவர் புரோகிராமை எடுத்து வரவில்லை, அதைத் திறக்கும் ஐகானை மட்டும் எடுத்து வந்திருந்தார். கடையை அங்கேயே விட்டுவிட்டு, போர்டை மட்டும் கழற்றிக்கொண்டு வந்த மாதிரி.

இதை மேனேஜர் காதில் வாங்கினார். பாராட்டவெல்லாம் இல்லை. அந்த மனிதரின் வாயிலிருந்து பாராட்டு வந்து நான் பார்த்ததே கிடையாது. ஆனால் அடுத்த வாரம் ஏற்காட்டிலிருந்து ஒரு லாட்ஜ்காரர் போன் செய்தபோது, மலைக்குப் போக வேண்டிய பையன் காய்ச்சல் என்று லீவு சொல்ல, மேனேஜர் என்னைப் பார்த்தார்.

"நீ போறியா?"

"போறேன் சார்" என்று அவர் கேட்டு முடிப்பதற்குள் சொல்லிவிட்டேன்.

"ஒண்ணு ஞாபகம் வச்சுக்க. கம்ப்யூட்டர் பெட்டி மலை மேலேயே இருக்கணும். இங்க பார்த்துக்கலாம்னு கீழ தூக்கிட்டு வந்துடாதே. இருபது வளைவுல ஜீப்ல குலுங்கி வந்தா ஒரு கோளாறு மூணு கோளாறாயிடும். பெட்டி கீழ வந்தா, மறுநாள்லேருந்து மறுபடி போன்தான் உன் கைல. அதுக்கப்புறம் வெளி வேலையைப் பத்தி எங்கிட்டப் பேசக் கூடாது."

இவ்வளவுதான் நிபந்தனை. பெட்டி மலையில் நின்றால் நான் இன்ஜினியர். பெட்டி இறங்கினால் ஆடும் நாற்காலி.

மறுநாள் காலை சேலம் அஸ்தம்பட்டியில் லாட்ஜ்காரரின் ஜீப் வந்து நின்றது. ஓட்டி வந்தவர் பெயர் குமரேசன். பின்னால் முட்டைக்கோசும் தக்காளியும் ஏற்றியிருந்தார். என்னைப் பார்த்தார், எனக்குப் பின்னால் ரோட்டைப் பார்த்தார்.

"ஏனுங்க, கம்ப்யூட்டர்காரரு பின்னால வர்றாருங்களா?"

"பின்னால யாரும் வரலைங்க. நான்தான்."

அவர் இன்னொரு தடவை ரோட்டைப் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தார். காலடியில் புத்தம் புதுக் கயிற்றுச் சுருள் ஒன்று கிடந்தது. எதற்கு என்று கேட்டேன். "பொட்டியக் கட்டிக் கீழ கொண்டாறதுக்குங்க. மொதலாளி வாங்கியாரச் சொன்னாரு" என்றார். நான் இன்னும் மலையடிவாரத்தைக்கூடத் தாண்டவில்லை, அதற்குள் கயிறு தயாராகிவிட்டது!

ஐந்தாவது வளைவிலேயே என் வயிற்றுக்குள் ஏதோ புரள ஆரம்பித்தது. ரோட்டைப் பார்க்காதீர்கள், எதையாவது அசையாமல் பாருங்கள் என்றார் குமரேசன். கண்ணுக்கு எதிரே இருந்தது கிலோமீட்டர் மீட்டர். அதையே பார்த்தேன். சில நூறு கிலோமீட்டர்தான் ஓடியிருப்பதாகக் காட்டியது. என் பக்கக் கதவோ கம்பியால் கட்டப்பட்டிருந்தது.

"புது வண்டிங்களா?"

குமரேசன் ஸ்டியரிங்கைத் தட்டிச் சிரித்தார். "நொம்பப் பழசுங்க அம்மணி. மீட்டரு ஒரு சுத்து முடிஞ்சு போச்சு. எல்லாம் ஒம்பதா வந்து நின்னுச்சு, அடுத்த கிலோமீட்டர்ல எல்லாம் சைபராயிருச்சு. அதுக்கு மேல எண்ண அதுக்கு எங்க எடம்? வெளியூர்க்காரங்க கேட்டா புது வண்டின்னே சொல்லிருவேன்."

எனக்குச் சிரிக்க வாயைத் திறக்கப் பயம். குமரேசன் எடுத்துக் கொடுத்த எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடியே மேலே போய்ச் சேர்ந்தேன்.

லாட்ஜ், ஏற்காட்டில் ஒண்டிக்கடை என்கிற நாற்சந்தியிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தது. முதலாளி பழனிவேல் சேலத்துக்காரர், கல்யாணம் ஆன கையோடு மலையேறி வந்து லாட்ஜ் வைத்தவர். எதிர் லாட்ஜில் கம்ப்யூட்டர் வாங்கிவிட்டார்கள் என்பதற்காகவே இவரும் வாங்கியிருந்தார். வாங்கியதை உள்ளே வைக்காமல், எதிர் லாட்ஜ்காரருக்கு நன்றாகத் தெரியும்படி ரோட்டைப் பார்த்து வைத்திருந்தார். மானிட்டரின் நெற்றியில் குங்குமம், தலையில் மல்லிகைச் சரம், கீழே ஒரு எலுமிச்சம்பழம். கோடை சீசன் அந்த வாரக் கடைசியில் தொடங்குகிறது. அறைகளைப் பதிவு செய்யும் புரோகிராம் ஒன்றை அவருடைய மைத்துனர் சேலம் பிரவுசிங் சென்டரில் இறக்கி, சில ஃபிளாப்பிகளில் போட்டு அனுப்பியிருந்தார். அதுதான் ஏறவில்லை.

"ஆளு எங்கீங்க?" என்றார் பழனிவேல் என்னிடமே.

"ஆளு வந்துதான நிக்குது, கண்ணு தெரியலையா?" என்று உள்ளேயிருந்து அவர் மனைவி சரசு வந்தார். "வா கண்ணு. மொகமெல்லாம் வெளுத்துக் கெடக்குது. மொதல்ல காப்பி குடி, பொட்டி எங்கயும் ஓடிராது."

ஓடிவிடக் கூடாது என்பதுதான் என் வேண்டுதலும். காப்பி அருமையாக இருந்தது. அதைக் குடித்து முடிக்கும் வரைகூடப் பழனிவேலுக்குப் பொறுக்கவில்லை.

"மேடம், நாலு ஜிபின்னு சொல்லி வித்தாங்க. நான் போடறது இத்துனூண்டு புரோகிராமு. எடமில்லைங்குது! எனக்கு ஒரு சந்தேகம் வந்து மூடியக் கழட்டிப் பார்த்தேனுங்க. உள்ள பாதிக்கு மேல காலியாக் கெடக்குது. ஒரு கூடை பேரிக்கா வெக்கலாம், அவ்வளவு எடம்! அப்பறம் எப்படீங்க எடமில்லைங்கும்? எந்தலைல எதையோ கட்டிட்டாங்க."

நீங்கள் சிரிக்கிறீர்கள். நான் அன்று சிரிக்கவில்லை. போன் நாற்காலியில் கற்றுக்கொண்ட முதல் பாடம் அது: வாடிக்கையாளர் சொல்லும்போது சிரித்துவிட்டால் அதற்குப் பிறகு அவர் உண்மையைச் சொல்ல மாட்டார். ஆனால் நானும் மூடியைக் கழற்றிப் பார்த்தபோது சிரிப்பை அடக்கப் பெரும்பாடு பட்டேன். பெட்டியின் அடித்தளத்தில், காற்றாடிக்கு நேர் கீழே, ஒரு பேப்பர் பொட்டலம் இருந்தது. பிரித்தேன். ஒரு மஞ்சள் துண்டு, ஒரு கைப்பிடி அரிசி.

"நாந்தான் வெச்சேன்" என்றார் சரசு கொஞ்சமும் கூச்சமில்லாமல். "புதுப் பீரோ வாங்குனா வெறுசாப் பூட்டி வெப்போமா? மஞ்ச, அரிசி, ஒரு சீலை, எதாச்சும் வெச்சாத்தான அது ஊட்டுக்கு ஆகும். இவரு வெறும் பொட்டியக் கொண்டாந்து வாசல்ல வெச்சுட்டாரு. அதான் இப்படி மொரண்டு புடிக்குது."

அரிசி சிதறிக் காற்றாடிக்குள் போயிருந்தால் கோளாறு வேறு மாதிரி ஆகியிருக்கும். இதையெல்லாம் உள்ளே வைக்கக் கூடாது என்று அதட்டலாம். நான், "அக்கா, உள்ள சூடு அதிகம், அரிசி கருகிரும். மேல வச்சிடலாமா?" என்று கேட்டேன். கருகும் என்றதும் பதறிப்போய்த் தானே எடுத்து மானிட்டரின் பக்கத்தில் வைத்துவிட்டார். சொல்லும் காரணம் நம்முடையதாகத்தான் இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். காரியம் நடந்தால் போதும்.

பிறகு என் வேலையைத் தொடங்கினேன். ஜவுளிக் கடைக்காரர் கதையாக இருக்குமோ என்று முதலில் பார்த்தேன். இல்லை, மைத்துனர் கெட்டிக்காரர், புரோகிராம் முழுசாகவே வந்திருந்தது. ஃபிளாப்பியில் பழுதோ என்று பார்த்தேன், இல்லை. கம்ப்யூட்டரிடம் காலி இடம் எவ்வளவு என்று கேட்டேன். கொள்ளை இடம் இருப்பதாகச் சொன்னது. புரோகிராமைத் தொட்டால் இடமில்லை என்று திரையில் ஒரு சின்ன அறிவிப்புப் பலகை வந்து நின்றது. வேறு இடத்தில் போட்டுப் பார்த்தேன். அணைத்துப் போட்டேன். மறுபடி எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தேன். ஒவ்வொரு தடவையும் அதே பலகை.

மத்தியானம் கடந்தது. குமரேசன் கயிறும் சாக்குமாக வாசலில் வந்து நின்றார். "கட்டிரலாங்களா?"

"இன்னும் கொஞ்ச நேரம்" என்றேன்.

"பனி எறங்குச்சுன்னா ரோடு தெரியாதுங்க. நாலு மணிக்குக் கெளம்பிரோணும்."

இன்னொரு முறை அணைத்துப் போட்டேன். எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. அந்த நிலைமையில் நாம் எல்லோரும் செய்வது ஒன்று உண்டு. வேலை செய்யாத ஒன்றையே மறுபடி மறுபடி, கொஞ்சம் வேகமாகச் செய்வோம். நானும் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். பழனிவேல் பொறுமை இழந்து, "நான் உங்க மேனேஜருகிட்டயே பேசிக்கறேனுங்க" என்று போனைச் சுழற்றினார். பேசினார். எனக்குக் கேட்க வேண்டும் என்றே சத்தமாகப் பேசினார். பிறகு ரிசீவரை என்னிடம் நீட்டினார்.

"என்ன சொல்லுது?" என்றார் மேனேஜர்.

"இடமில்லைங்குது சார்."

"இருக்கா?"

"நிறைய இருக்கு சார்."

"அப்ப அது பொய் சொல்லுது. ஏன் பொய் சொல்லுதுன்னு பாரு." வைத்துவிட்டார்.

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. இதைச் சொல்ல ஒரு மேனேஜரா! ரிசீவரை வைத்தேன். வைத்த பிறகும் கை அதன் மேலேயே இருந்தது. அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. காலையிலிருந்து நான் அந்தப் பலகையை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன், ஒரு தடவைகூடப் படிக்கவில்லை. இடமில்லை என்ற ஒரு வரியைப் பார்த்ததும் மூடிவிடுவேன். போனில் ஒருவர் புகார் சொன்னால் நான் அப்படி விடுவேனா? திரையில் என்ன எழுதியிருக்கிறது, ஒரு எழுத்து விடாமல் படியுங்கள் என்று உயிரை எடுப்பேன். என் கண்ணுக்குத் திரை தெரியாது, அதனால் அவர்களைப் படிக்க வைத்தே ஆக வேண்டும். இங்கே திரை தெரிந்ததுதான் எனக்கு வினையாகிவிட்டது.

நாற்காலியை ரோட்டுப் பக்கம் திருப்பித் திரைக்கு முதுகு காட்டி உட்கார்ந்தேன்.

"அண்ணா, நான் சேலத்துல இருக்கறதா நினைச்சுக்குங்க. திரையில என்ன இருக்குன்னு ஒரு எழுத்து விடாமப் படிங்க. இங்கிலீஷ்ல அப்படியே."

"ஏனுங்க, இங்கயே குத்த வெச்சு உக்காந்துட்டு சேலத்துல இருக்கறதா நெனைக்கோணுமா?" பழனிவேல் மனைவியைப் பார்த்தார். மலையேறி வந்ததில் பெண்ணுக்குத் தலை சுற்றிவிட்டது என்று அந்தப் பார்வை சொன்னது. சரசு, "அது கேக்குதில்ல, படிங்க" என்றார்.

அவர் பள்ளிக்கூடப் பையனைப் போல எழுத்துக் கூட்டிப் படித்தார். போதுமான இடமில்லை. தேவைப்படும் இடம் இவ்வளவு. இருக்கும் இடம்...

"இருக்கற எடம்னு போட்டு, ஒரு கோடு, அப்பறம் ஒரு நீளமான நம்பருங்க."

"என்ன கோடு?"

"நம்பருக்கு முன்னால சின்னதா ஒரு கோடு. அழுக்கா இருக்குமோ?" விரலால் தேய்த்தார். "அழுக்கில்லீங்க. போக மாட்டேங்குது."

நான் திரும்பிப் பார்த்தேன். நானும் காலையிலிருந்து அந்தக் கோட்டை ஓர் அலங்காரம் என்று விட்டிருந்தேன். அது கழித்தல் குறி. காலி இடம் இல்லை என்றுகூட அது சொல்லவில்லை. காலி இடம் பூஜ்யத்துக்கும் கீழே இருக்கிறது என்கிறது!

"எடம் கூட மைனஸ்ல போகுமுங்களா?" என்றார் பழனிவேல்.

போகாது. எண்ணுகிறவனுக்கு எண்ணத் தெரியாவிட்டால்தான் போகும். வாசலில் கயிற்றோடு நின்ற குமரேசனைப் பார்த்தேன், அவருக்குப் பின்னால் நின்ற ஜீப்பைப் பார்த்தேன். சில நூறு கிலோமீட்டர் காட்டிய அந்தக் கிழட்டு மீட்டர் ஞாபகத்துக்கு வந்தது. அதுக்கு மேல எண்ண அதுக்கு எங்க எடம்? அந்தப் புரோகிராமை எழுதியவர் கம்ப்யூட்டர்களுக்குள் இடம் கொஞ்சமாக இருந்த காலத்தில் எழுதியிருக்கிறார். இரண்டு ஜிபி வரைக்கும் அதற்கு எண்ணத் தெரியும். அதற்கு மேல் காலி இடத்தைக் கண்டால் எண்ணிக்கை சுற்றிக்கொண்டு கழித்தலுக்குப் போய்விடுகிறது. பழனிவேலின் புதுப் பெட்டியில் மூன்றரை ஜிபிக்கு மேல் காலி. புரோகிராமுக்கு இடம் பற்றாமல் இல்லை. இடம் அளவுக்கு மீறி இருக்கிறது.

நான் எழுந்து குதித்தேன் என்று எழுத ஆசைதான். உண்மையில் காலை நீட்டிக்கொண்டு ஒரு நிமிஷம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அவ்வளவு நிம்மதியாக இருந்தது.

"அண்ணா, உங்க பெட்டியில கோளாறே இல்லை. பெட்டி ரொம்பப் பெரிசு. இவ்வளவு பெரிய பெட்டியை இந்தப் புரோகிராம் பார்த்ததே இல்லை, அதான் கணக்குத் தடுமாறுது."

அதுவரை உம்மென்றிருந்த பழனிவேலின் முகம் மலர்ந்துவிட்டது. "நம்ம பொட்டி பெருசுங்கறீங்க!" என்று எதிர் லாட்ஜுக்குக் கேட்கும்படி சொன்னார். "இப்ப என்னுங்க பண்றது?"

"காலி இடத்தைக் கொஞ்சம் நிரப்பணும். எதையாவது போட்டுப் பாதிக்கு நிரப்பிட்டா, மிச்சம் இருக்கறதை அதால எண்ண முடியும். ஏறிக்கும்."

மலர்ந்த முகம் சுருங்கியது. "எடமில்லைங்கறவங்கிட்ட இன்னும் சாமானத்த ஏத்தறதா? நல்ல கதையா இருக்குதே! குமரேசா, கயித்த எடு."

குமரேசன் கயிற்றை உதறிக்கொண்டு படியேறினார்.  சரியான காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டேன், அதைச் சொல்லியும் விட்டேன், ஆனாலும் பெட்டி கீழே போகப்போகிறது. இந்த இடத்தைக் கவனியுங்கள். கோளாறைக் கண்டுபிடிப்பதோடு நம் வேலை முடிந்துவிடும் என்று யாராவது உங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தால், அவர் வாடிக்கையாளரைப் பார்த்ததே இல்லை.

காப்பாற்றியது சரசு அக்காதான். குமரேசனுக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டார்.

"காத்தால இருந்து நான் என்ன சொல்றேன்? வெறும் பொட்டி ஊட்டுக்கு ஆகாதுன்னு சொல்றேனா இல்லையா? இப்ப படிச்ச புள்ள வந்து அதையேதான் சொல்லுது. நெரப்பச் சொல்லுது. நெரப்பறதுக்கு உங்களுக்கு என்ன வலிக்குது?"

அக்கா, அது வேறு, இது வேறு, இதற்கும் மஞ்சளுக்கும் சம்பந்தமில்லை என்று நாக்கின் நுனி வரைக்கும் வந்துவிட்டது. இரண்டு ஜிபியை விளக்கிச் சொல்ல எனக்கு அரை மணி நேரம் வேண்டும். குமரேசனுக்கோ முடிச்சுப் போட அரை நிமிஷம் போதும். வந்த வார்த்தையை அப்படியே விழுங்கிவிட்டேன். "அக்கா சொல்றது சரிங்க. நிரப்பணும்" என்றேன். அதில் பொய் எதுவும் இல்லை.

எதைப் போட்டு நிரப்புவது? என் பையில் ஒரு சிடி இருந்தது. அதை எடுத்ததும் சரசு தடுத்தார். "மொதமொதல்ல உள்ள போறது சாமியா இருக்கோணும்" என்று உள்ளே போய் முருகன் பாட்டு சிடி ஒன்றைக் கொண்டு வந்தார். சிடி முழுக்க எம்பி3 பாட்டு. ஆனாலும் முக்கால் ஜிபிகூட வராத ஒரு சிடி போதாது. அதையே மூன்று தடவை ஏற்ற வேண்டும்.

"ஒரே பாட்ட மூணு தடவ வெச்சா சாமி கோவிச்சுக்காதுங்களா?" என்றார் பழனிவேல். அவருக்கு இன்னும் என்னை நம்ப மனம் வரவில்லை.

"கோயில்ல ஒரு தடவதான் பாடுறாங்களாக்கும்" என்று சரசு அவர் வாயை அடைத்தார்.

பாட்டு ஏறுவதற்கு அடையாளமாகத் திரையில் காகிதம் ஒவ்வொன்றாக ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்குப் பறந்துகொண்டிருந்தது. மூவரும் அதையே பார்த்தார்கள். முதல் தடவை முடிந்தது. இரண்டாம் தடவை முடிந்தது. வெளியே பனி இறங்கத் தொடங்கி எதிர் லாட்ஜின் போர்டு மங்கியது. "கட்டிரலாங்களா?" என்று குமரேசன் கேட்கவே இல்லை, அவரும் கயிற்றை மறந்துவிட்டுக் காகிதம் பறப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது தடவை பாதியில் மின்விளக்கு ஒருமுறை மங்கிச் சிமிட்டியது. நால்வரும் மூச்சை நிறுத்திக்கொண்டோம். கரண்ட் போகவில்லை. முருகன் பாட்டு என்பதால்தான் போகவில்லை என்று சரசு இன்றைக்கும் சொல்வார்.

முடிந்ததும் புரோகிராமைத் தொட்டேன். பலகை வரவில்லை. அடுத்து அடுத்து என்று கேட்டுக்கொண்டே போய், நீலப் பட்டை நிரம்பி, லாட்ஜ் பதிவேடு திறந்து நின்றது. பழனிவேல் கையைத் தட்டிவிட்டார். முதல் பெயராக யாரைப் போடுவது என்று கேட்டேன். சரசு என் பெயரைப் போடச் சொன்னார். அந்தக் கம்ப்யூட்டரின் கணக்குப்படி முதல் அறையில் தங்கியவள் நான்.

இதற்குப் பின்விளைவு ஒன்று உண்டு, அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒண்டிக்கடையில் இந்தச் செய்தி ஒரே வாரத்தில் பரவிவிட்டது. அதற்குப் பிறகு கொஞ்ச காலம் ஏற்காட்டிலிருந்து எந்தப் புகார் வந்தாலும், "பாட்டெல்லாம் போட்டு நெரப்பிட்டேனுங்க, அப்பவும் வரலைங்க" என்று ஆரம்பிக்கும். பிரிண்டரில் பேப்பர் சிக்கியதற்குக்கூட காப்பி எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் ஒருவர் நிரப்பிப் பார்த்திருந்தார். கொட்டச்சேடு கிராமத்தில் ஒருவர் நிரப்பு நிரப்பென்று நிரப்பி, நிஜமாகவே இடமில்லாமல் போய், அதைக் காலி செய்ய நான் ஜீப்பில் எலுமிச்சம்பழத்தோடு போக வேண்டியிருந்தது. அன்று நான் விழுங்கிய வார்த்தைக்குக் கட்டிய அபராதம் அது. கயிறு வாசலில் நிற்கும்போது விழுங்கலாம், தப்பில்லை. வேலை முடிந்து காப்பி குடிக்கும்போதாவது விளக்கிச் சொல்லியிருக்க வேண்டும். நீங்கள் சொல்லிவிடுங்கள்.

அன்று சாயங்காலத்துக்கு வருகிறேன். நான் கிளம்ப எழுந்தபோது, கம்ப்யூட்டர் வந்திறங்கிய அட்டைப் பெட்டி மூலையில் காலியாகக் கிடந்தது சரசுவின் கண்ணில் பட்டது.

"வந்த புள்ளைய வெறுங்கையோட அனுப்பவா?" என்றார். வெறும் பெட்டி அவருக்கு ஆகாது என்று உங்களுக்குத் தெரியும். பின்கட்டிலிருந்து ஒரு பெரிய பலாப்பழம் வந்து அந்த அட்டைப் பெட்டிக்குள் உட்கார்ந்தது. இடைவெளியில் பட்டர் ஃப்ரூட், மேலே ஒரு காப்பித்தூள் பொட்டலம். குமரேசன் புதுக் கயிற்றை வீணாக்காமல் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி, கம்ப்யூட்டருக்கென்று எடுத்து வைத்த சாக்கை விரித்து ஜீப்பில் ஏற்றினார். நான் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். மூன்று பேர் எதிர்க்கும்போது எவ்வளவு சொல்ல முடியும்?

இறங்கும்போது வயிறு ஒன்றும் செய்யவில்லை. ஆபீஸ் வாசலில் ஜீப் நின்றபோது மேனேஜர் மட்டும் இருந்தார். குமரேசன் அந்த அட்டைப் பெட்டியைத் தூக்கி வந்து மேனேஜரின் மேசைக்கு எதிரே தொப்பென்று வைத்துவிட்டு, "வர்றேனுங்க" என்று போய்விட்டார். பெட்டியின் பக்கவாட்டில் கம்ப்யூட்டர் படம் கொட்டை எழுத்தோடு இருந்தது.

மேனேஜர் பெட்டியைப் பார்த்தார். கயிற்றைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

"கொண்டு வந்துட்டே" என்றார். குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. அந்த மனிதர் நான் ஜெயிப்பேன் என்று எதிர்பார்த்திருக்கிறார் என்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"சார், அது..."

"ஒண்ணும் சொல்லாதே. நாளைக்கு..." அவர் நிறுத்தினார். மூக்கை உறிஞ்சினார். குனிந்து பெட்டியின் பக்கத்தில் போய் இன்னொரு தடவை உறிஞ்சினார். மேசை டிராயரிலிருந்து கத்தியை எடுத்துக் கயிற்றை அறுத்தார். மூடியைத் திறந்ததும் ஆபீஸ் முழுக்கப் பலாப்பழ வாசனை.

அவர் குனிந்து உள்ளே பார்த்தார். பிறகு பட்டர் ஃப்ரூட்டுகளை எடுத்து ஒதுக்கிவிட்டு, "எண்ணெய் எங்க?" என்றார். கத்தியில் எண்ணெய் தடவிப் பழத்தை அறுத்துக்கொண்டே, ஏன் பொய் சொன்னது என்று கேட்டார். நான் சொன்னேன். கழித்தல் குறி, திரைக்கு முதுகு காட்டி உட்கார்ந்தது, மஞ்சள் துண்டு, முருகன் பாட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, ஆனால் தோள் மட்டும் குலுங்கியது. முதல் சுளையை எனக்குக் கொடுத்தார்.

அப்போது வாசல் பக்கம் போன் அடித்தது. பழக்க தோஷத்தில் பலாப்பாலும் பிசுக்குமாக நான் ஓடினேன். கை ரிசீவருக்குப் போய்விட்டது. பின்னாலேயே வந்த மேனேஜர் என் கையைத் தட்டிவிட்டு, ஒரு கால் ஆடும் அந்த நாற்காலியை இழுத்துப் போட்டுத் தானே உட்கார்ந்தார்.

"சர்வீஸ்ங்க, சொல்லுங்க" என்றார் ரிசீவரில். எதிர்ப் பக்கம் யாரோ ஏதோ திறக்கவில்லை என்று சொல்லியிருக்க வேண்டும்.

"இருங்க" என்றார் மேனேஜர், "திரையில என்ன எழுதியிருக்குன்னு ஒரு எழுத்து விடாமப் படிங்க. கோடு, புள்ளி எதையும் விடாதீங்க. காலைல எங்க இன்ஜினியர் வருவாங்க."